எட்டரை மணிக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள்: செட்டிநாட்டுச் சாலைகளில் சைக்கிள் ஓட்ட வருவோருக்கு

காரைக்குடிக்குச் சைக்கிளோடு வருகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கிலோமீட்டர்?" என்றுதான். நான் பதிலுக்குக் கேட்பது "எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள்?" என்று. கொடைக்கானல் மலைப்பாதையிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஏற்றம்தான் கணக்கு. இங்கே பிரான்மலையை விட்டால் மலை என்று சொல்ல அதிகம் இல்லை. கண்மாய்க் கரை ஏறி இறங்குவதுதான் பெரும்பாலான நாள்களில் நமக்குக் கிடைக்கும் ஏற்றம். ஆனால் பங்குனி மாதத்தில் காலை பத்து மணிக்குப் பொட்டலில் ஓட்டும் ஐந்து கிலோமீட்டர், மலையில் ஏறும் பத்துக் கிலோமீட்டருக்குச் சமம். ஆகவே இந்த வழிகாட்டியில் தூரத்துக்கு முன்னால் நேரத்தைச் சொல்கிறேன், பாதைக்கு முன்னால் காற்றைச் சொல்கிறேன்.

முதலில் வண்டி

புதிதாக வாங்க வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் கியர் இல்லாத சாதாரண சைக்கிளே கானாடுகாத்தான் வரைக்கும் பிள்ளையார்பட்டி வரைக்கும் போதும். இருக்கையின் உயரத்தை மட்டும் சரிசெய்யுங்கள். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் ஏறக்குறைய நேராக, சற்றே மடங்கி இருக்க வேண்டும். பெரும்பாலோர் இருக்கையைத் தாழ்வாக வைத்து ஓட்டிவிட்டு முழங்கால் வலிக்கிறது என்பார்கள்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், மிக மெல்லிய டயர் உள்ள பந்தய சைக்கிள் வேண்டாம். 32 முதல் 38 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள டயர் இந்த ஊருக்குப் பொருத்தம். முக்கியச் சாலைகள் நன்றாகவே இருக்கின்றன. ஊரை ஊரோடு இணைக்கும் சிறு சாலைகளில் தாரின் ஓரம் கரைந்து, அதற்கப்பால் செம்மண் ஒரு சாண் பள்ளமாக இறங்கியிருக்கும். எதிரே பேருந்து வரும்போது அந்த ஓரத்தில் சட்டென்று இறங்கினால் மெல்லிய டயர் வழுக்கிவிடும். இறங்க வேண்டும் என்றால் வேகத்தைக் குறைத்து, ஹாண்டில்பாரைத் திருப்பாமல் நேராக இறங்குங்கள். மழை பெய்த மறுநாள் அந்தச் செம்மண் சோப்பு போல இருக்கும்.

சென்னையிலிருந்து வருவோர் சைக்கிளை ரயிலில் பார்சலாகப் பதிவுசெய்து கொண்டுவரலாம். எழும்பூரில் பிற்பகலில் கிளம்பும் பல்லவன் விரைவு ரயில் இரவில் காரைக்குடி வந்து சேர்கிறது. தூங்கி எழுந்து ஓட்டலாம்.

நேரம்

தை மாதத்தில் சூரியன் ஏறத்தாழ ஆறரை மணிக்கு எழும். சித்திரையில் ஆறுக்கு முன்பே எழுந்துவிடும். மார்கழி, தை, மாசியில் ஆறு மணிக்குக் கிளம்பி ஒன்பதரை வரை ஓட்டலாம். பங்குனி பிறந்துவிட்டால் ஐந்தரைக்கே சக்கரம் உருள வேண்டும், எட்டரைக்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் புதியவர்கள் இருபது கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாலை ஓட்டத்தை நான் புதியவர்களுக்குச் சொல்வதில்லை. ஐந்து மணிக்கும் தார் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும், இருட்டும் சீக்கிரம் வந்துவிடும்.

இதை நான் ஏட்டிலிருந்து சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனி மாதம், தாமதமாகக் கிளம்பி, கீழச்சிவல்பட்டிப் பக்கம் பத்தரை மணிக்கு ஒரு பொட்டலில் மாட்டிக்கொண்டேன். தண்ணீர் தீர்ந்துவிட்டது. வியர்வை நின்று, தோல் காய்ந்து, காதில் இரைச்சல் கேட்கத் தொடங்கியது. புளியமரத்தடியில் ஆடுகளோடு உட்கார்ந்திருந்த ஒரு முதியவர், நான் இறங்கிய விதத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"உட்காரப்பா. முதலில் தலையை நனை, பிறகு குடி" என்றார்.

"கொஞ்சம் மயக்கமாக இருக்கிறது, ஐயா."

"மயக்கம் வரத்தான் செய்யும். ஆடே நிழலுக்கு வந்துவிட்டது, நீ இப்போதுதான் வெயிலுக்குப் போகிறாய்."

தூக்குவாளியிலிருந்து நீராகாரமும் இரண்டு சின்ன வெங்காயமும் கொடுத்தார். வெயில் தாழும்வரை அங்கேயே படுத்திருந்து, மாலையில்தான் கிளம்பினேன். ஆடுகள் நிழலுக்குத் திரும்பிய பிறகு சாலையில் இருக்கக் கூடாது என்பதை அன்றுமுதல் விதியாக வைத்திருக்கிறேன்.

வெயிலில் வியர்வை நின்றுபோனாலோ, பேச்சு குழறினாலோ, வாந்தி வந்தாலோ ஓட்டத்தை அங்கேயே முடித்துவிடுங்கள். நிழலில் படுக்கவைத்து, உடம்பை நனைத்து, விசிறி, 108-ஐ அழைக்க வேண்டும். தேறிவிட்டது போலத் தோன்றினாலும் அன்று மறுபடி மிதிக்க வேண்டாம்.

தண்ணீர், மணிக்கு முக்கால் லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டிலில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் உப்பும் எலுமிச்சையும் கலந்தது. தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு வாய் குடியுங்கள். கோடையில் சாலையோரம் நுங்கும் இளநீரும் கிடைக்கும். அவற்றுக்காக நிற்கும் நேரத்தையும் பயணக் கணக்கில் சேர்த்தே கிளம்புங்கள்.

காற்று

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை இந்தத் திறந்தவெளியில் சைக்கிள் ஓட்டினால்தான் முழுதாக உணர முடியும். ஆனியிலிருந்து ஆவணி வரை காற்று மேற்கிலிருந்து வரும். ஐப்பசிக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து. விதி எளிது: உடம்பு புதிதாக இருக்கும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், களைத்தபோது அது முதுகில் இருக்கட்டும். ஆகவே ஆடியில் மேற்கே, குன்றக்குடி, திருப்பத்தூர்ப் பக்கம் போய்த் திரும்பலாம். மார்கழியில் வடக்கே, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம். இதை மாற்றிச் செய்தவர்கள் திரும்பும்போது கடைசி எட்டுக் கிலோமீட்டரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

முள்

செட்டிநாட்டில் சைக்கிளுக்கு முதல் எதிரி சீமைக் கருவேலம். கண்மாயின் உட்புறம், கரை, வரத்துக் கால் எல்லாம் அதுதான். அதன் முள் காய்ந்து சாலையோரச் செம்மண்ணில் கலந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. விறகு ஏற்றிய வண்டி போன தடத்தில் நிறைய உதிர்ந்து கிடக்கும். ஆகவே தாரின் விளிம்பில் ஒட்டி ஓட்டாமல், ஒரு முழம் உள்ளே தள்ளி ஓட்டுங்கள். கண்மாய்க் கரையின் மேல் ஓட்டும் ஆசை எல்லோருக்கும் வரும், காலையில் நாரையும் கொக்கும் பார்த்தால் யாருக்குத்தான் வராது? உபரிநீர் வழியும் கலுங்கு வரை வண்டியைத் தூக்கிக்கொண்டு நடங்கள், ஓட்ட வேண்டாம்.

இருக்கைக்குக் கீழே ஒரு சிறு பையில் இவை எப்போதும் இருக்க வேண்டும்: மாற்று டியூப் ஒன்று, பஞ்சர் ஒட்டும் துண்டுகள், சொல்யூஷன், உப்புத்தாள், டயர் நெம்பும் கட்டை இரண்டு, கையடக்கப் பம்பு, சிறு இடுக்கி. பஞ்சரானால் டியூப்பை மாற்றுவதற்கு முன் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்து முள்ளைக் கண்டுபிடியுங்கள். முள் டயரிலேயே நின்றிருக்கும்போது புது டியூப்பைப் போட்டால் நூறு மீட்டருக்குள் அதுவும் போய்விடும். என் முதல் ஆண்டில் ஒரே காலையில் இரண்டு டியூப் போன காரணம் அதுதான். உடைந்த முள்ளின் நுனி விரலுக்குச் சிக்காது, இடுக்கி அதற்குத்தான். கிளம்புவதற்கு முந்தைய நாள் வீட்டில் ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். சாலையில் முதன்முறையாகக் கற்றுக்கொள்ளும் வேலை இல்லை இது.

அறுவடைக் காலத்தில் இன்னொன்று. தை, மாசியில் கதிரையும் உளுந்துச் செடியையும் சாலையில் பரப்பியிருப்பார்கள், வண்டிச் சக்கரம் ஏறி மணி உதிரட்டும் என்று. பேருந்துக்கு அது ஒன்றுமில்லை. சைக்கிளுக்கு வழுக்கும், கொடி செயினில் சுற்றிக்கொள்ளும். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அது அவர்களுடைய ஓராண்டு உழைப்பு, அதில் பிரேக் பிடித்துத் தானியத்தைச் சிதறடிப்பது முறையல்ல.

முதல் பாதை: கானாடுகாத்தான்

காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான். போக ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர், வர அதே அளவு. திருச்சி நெடுஞ்சாலையில் நேராகப் போனாலும் கானாடுகாத்தான் வரும், ஆனால் லாரிகளின் இரைச்சலில் புதியவர்கள் பதறிவிடுகிறார்கள். கோட்டையூர் வழி அமைதியானது, ஊருக்கு ஊர் சில கிலோமீட்டர்தான், தேநீர்க்கடை இல்லாத ஊர் கிடையாது.

கோட்டையூர் அழகப்பச் செட்டியார் பிறந்த ஊர். ரோஜா முத்தையா பழைய நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும்கூட வீடு நிறையச் சேர்த்து வைத்திருந்ததும் இங்கேதான். அந்தச் சேகரிப்புதான் இன்று சென்னையில் ஆய்வாளர்கள் தேடிவரும் நூலகமாக இருக்கிறது. காலை ஆறேகாலுக்கு இந்தத் தெருக்களில் போகும்போது எனக்கு அந்த நினைவு வராமல் இருந்ததில்லை.

கானாடுகாத்தானுக்குள் நுழைந்ததும் வேகத்தைக் குறையுங்கள். 1912-இல் கட்டி முடிக்கப்பட்ட அரண்மனையைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். நான் தெருக்களைப் பார்க்கச் சொல்வேன். நகரத்தார் வீடுகள் ஒரு தெருவில் முகப்போடு தொடங்கி, வளவு என்னும் முற்றம், இரண்டாங்கட்டு என்று நீண்டு, அடுத்த தெருவில் பின்வாசலோடு முடியும். தெருக்கள் நேர்கோடாக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். இது புரிந்துவிட்டால் வழி தவறாது: முகப்புகள் எதிரெதிரே நிற்கும் தெரு ஒன்று, வெறும் பின்சுவர்கள் நிற்கும் தெரு அடுத்தது. காலையில் தெருவின் கிழக்கோரம் நிழலாக இருக்கும், அந்தப் பக்கம் ஓட்டுங்கள். பூட்டிக் கிடக்கும் வீடுகள் நிறைய. திறந்திருந்தாலும் அது ஒருவருடைய வீடு. "உள்ளே வந்து பார்க்கலாமா, ஆச்சி?" என்று வாசலில் நின்று கேளுங்கள். சில வீடுகளில் பார்வையாளர்களுக்குச் சிறு கட்டணம் உண்டு, கொடுத்துவிட்டுப் பாருங்கள். திண்ணையில் சைக்கிளைச் சாய்க்காதீர்கள். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவரில் ஹாண்டில்பார் ஒரு கோடு போட்டால், அதைச் சரிசெய்யத் தெரிந்த கொத்தனார் இன்று அரிது.

ஊருணிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். படிக்கட்டு கட்டிய அந்தச் சதுரக் குளங்களில் சில இன்றும் குடிநீருக்கானவை. கை கால் கழுவவோ சைக்கிளைக் கழுவவோ இறங்காதீர்கள். யாரிடமாவது கேட்டுவிட்டுத்தான் தண்ணீரைத் தொட வேண்டும்.

இந்தப் பாதையை நான்கைந்து முறை, ஒரே வாரத்தில் அல்ல, ஒரு மாதத்தில் ஓட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

சைக்கிள் ஓட்டத் தயங்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. கானாடுகாத்தானைத் தாண்டி வடக்கே கொஞ்சம் போனால் புதுக்கோட்டை மாவட்டம். 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கல்குவாரிப் பெண்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் விவசாயக் கூலிகளுமாகப் பல்லாயிரம் பேர் ஊர்ப் பொட்டல்களில் விழுந்து எழுந்து பழகினார்கள். இன்று ஐம்பது அறுபது வயதில் இருக்கும் அவர்களில் ஒருவரையாவது இந்தச் சாலைகளில் நீங்கள் சந்திப்பீர்கள். சேலை கட்டி, கேரியரில் தண்ணீர்க் குடத்தோடு ஓட்டியவர்கள் அவர்கள். வழி கேட்க வேண்டும் என்றால் அவர்களிடம் கேளுங்கள், குறுக்குப் பாதைகள் அவர்களுக்குத்தான் தெரியும்.

இரண்டாவது: குன்றக்குடி, பிள்ளையார்பட்டி

போக வர இருபத்தைந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல். நான்குவழிச் சாலையில் ஏறாமல், ஊர்களுக்குள் போகும் பழைய சாலையில் செல்லுங்கள். குன்றக்குடிக் குன்றும் அதன்மேல் சண்முகநாதர் கோயிலும் தொலைவிலேயே தெரியும், வழி கேட்கவே தேவையிருக்காது. சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டுப் படியேறலாம். பிள்ளையார்பட்டியில் பாறையிலேயே குடைந்த கற்பக விநாயகரைப் பார்த்துவிட்டு, எட்டு மணிக்குள் திரும்பிவிடுங்கள். சதுர்த்தி நாள்களில் இந்தப் பக்கம் கார்கள் நிறைந்திருக்கும், வேறு நாள் பாருங்கள்.

நாள் பார்ப்பது இந்தப் பாதைக்கு மிக அவசியம். தைப்பூசத்துக்கு முன் நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடிப் பழனிக்கு நடக்கும். நள்ளிரவிலும் விடியற்காலையிலும் சாலை முழுக்க வெறுங்காலோடு நடப்பவர்கள். அந்த நாள்களில் சைக்கிளை வீட்டில் வைத்துவிட்டு நானும் கொஞ்ச தூரம் நடப்பது வழக்கம். பொங்கலை ஒட்டிச் சிராவயலில் மஞ்சுவிரட்டு. அது வாடிவாசலுக்குள் மட்டும் நடப்பதல்ல, கட்டுமாடுகளைப் பொட்டலில் அவிழ்த்துவிடுவார்கள், அவை எந்தத் திசையிலும் ஓடிவரலாம். அன்று அந்தப் பக்கமே போகாதீர்கள். அக்டோபர் கடைசி வாரத்தில் திருப்பத்தூர்ச் சாலையில் வாகனங்கள் அதிகம். 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டது திருப்பத்தூரில், அந்த நினைவு நாளுக்கு மாவட்டமெங்குமிருந்து மக்கள் வருகிறார்கள்.

மூன்றாவது: ஆத்தங்குடி வழியாக ஒரு சுற்று

முதல் இரண்டையும் சேர்த்துக் கட்டும் பாதை இது. கானாடுகாத்தான் வரை தெரிந்த வழி. அங்கே திருச்சி நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும், இறங்கித் தள்ளிக்கொண்டே கடங்கள். பிறகு மேற்கே ஆத்தங்குடி. அங்கிருந்து கிராமச் சாலைகளில் தெற்கே இறங்கினால் குன்றக்குடி, பிறகு காரைக்குடி. மொத்தம் நாற்பது கிலோமீட்டரை ஒட்டி வரும். கிளைச்சாலைகளில் பலகை எப்போதும் இருக்காது. கைபேசி வரைபடம் சில இடங்களில் வண்டிப்பாதையைச் சாலை என்று காட்டும், கருவேலங்காட்டுக்குள் கொண்டுபோய் விடும். பிரிவு வந்தால் நின்று ஆளைக் கேளுங்கள், ஒருவர் சொன்னதை அடுத்த பிரிவில் இன்னொருவரிடம் சரிபாருங்கள்.

ஆத்தங்குடியில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தரைக்கல் செய்யும் பட்டறைகளில் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அமுக்குகிறார்கள். பிறகு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். சூளை கிடையாது. அந்தப் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது. வேலை செய்பவரின் கையோட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், ஆனால் வெளியே வெயில் ஏறிக்கொண்டிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

நாய்கள் இந்தச் சுற்றில் அதிகம். துரத்தினால் வேகமாக மிதிக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்து நடங்கள். தன் தெரு முடிந்ததும் அது திரும்பிவிடும்.

நான்காவது: பிரான்மலை

மூன்று மாதப் பழக்கத்துக்குப் பிறகு, மார்கழி அல்லது தையில், துணையோடு. பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, பிரான்மலை. ஒரு வழிக்கே ஐம்பது கிலோமீட்டரை நெருங்கும். ஒரே நாளில் போய் வருவதைப் புதியவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். திருப்பத்தூரில் முதல் நாள் இரவு தங்கி, விடியலில் கிளம்புங்கள். அப்போது பிரான்மலைக்குப் போய்வருவது ஐம்பத்தைந்து கிலோமீட்டருக்குள் அடங்கும்.

திருப்பத்தூரைத் தாண்டியதும் நிலம் மாறுவதைக் கால் முதலில் உணரும். நீண்ட, மெல்லிய ஏற்றங்கள் வரும், கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும், வேகம் மட்டும் குறையும். கியர் இருந்தால் ஒரு படி இறக்கி, ஒரே சீராக மிதியுங்கள். எழுந்து நின்று மிதிக்கத் தேவையில்லை. மூச்சு வாங்காமல் பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் வேகம் சரி.

சிங்கம்புணரியை நெருங்கும்போது 2,000 அடிக்கும் மேல் உயர்ந்த அந்த ஒற்றை மலை வானத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வேள் பாரி ஆண்ட பறம்புமலை என்று இதைத்தான் சொல்கிறார்கள். முல்லைக்கொடி படரத் தேரை நிறுத்திவிட்டு நடந்த மன்னனின் மலைக்குச் சக்கரத்தில் ஏறிப் போவது, எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சை நிறைக்கும் பயணம். அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயில், ஞானசம்பந்தர் பாடிய தலம். சைக்கிள் அடிவாரத்தோடு சரி. மலைமேல் போவதானால் நடைதான், அதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் மிதித்த கால் படியில் இறங்கும்போது நடுங்கும்.

பறவை பார்க்கும் ஆர்வம் இருந்தால் திருப்பத்தூரிலிருந்து மதுரைப் பக்கம் உள்ள வேட்டங்குடிப்பட்டி சரணாலயத்துக்கு ஒரு காலையை ஒதுக்கலாம். மூன்று கண்மாய்கள் சேர்ந்தது, 1977-இல் அறிவிக்கப்பட்டது. அங்குள்ள ஊர்க்காரர்கள் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. நீங்களும் மணி அடிக்காமல் போங்கள்.

வீடு திரும்பிய பிறகு

குளிப்பதற்கு முன் செயினைத் துடையுங்கள். செம்மண் தூசி எண்ணெயோடு சேர்ந்தால் அரம் போல வேலை செய்யும், ஓர் ஆண்டில் பல்சக்கரத்தைத் தின்றுவிடும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள், துணியில் சிவப்பு ஒட்டாமல் போகும்வரை. உலர்ந்ததும் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய், மிகுதியைத் துடைத்துவிடுங்கள். டயரைச் சுற்றிலும் பார்த்து, குத்தி நிற்கும் முள்ளை இன்றே பிடுங்குங்கள். இன்று பாதி இறங்கிய முள்தான் நாளை காலை பள்ளத்தூருக்கு முன்னால் டியூப்பைத் தொடும்.